பரணிலிருந்து பாசறைக்கு

சாரணியர் குழு மாணவியர், ஒன்பதாம் வகுப்பு

பாசறை என்றதும் உள்ளம் துள்ளாத மாணவி யார்? மலையும் மரங்களும், கூடாரமும் கும்மிருட்டும், விறகடுப்பும் விடியற்காலைப் பனியும் புத்தகத்தில் படிக்கும்போதே இனிக்கின்றன. நேரில் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! ஆனால் இயற்கையைக் காணச் செல்பவர்கள் அந்த இயற்கைக்கே சுமையாகிவிடலாகாது அன்றோ? அதற்கும் முன்னதாக இன்னொரு கேள்வி உண்டு. பாசறைக்குச் செல்ல விரும்பும் எல்லோராலும் செல்ல முடிகிறதா? இவ்விரு கேள்விகளுக்கும் எங்களுக்கு ஒரே இடத்தில் விடை கிடைத்தது. அந்த இடம் எங்கள் வீட்டுப் பரண்!

2024ஆம் ஆண்டு டிசம்பர் 27 முதல் 29 வரை ஏலகிரி மலையில் பாசறை நடத்துவதென நவம்பர் முதல் வாரத்தில் முடிவாயிற்று. எங்கள் குழுவில் 24 பேர். அணிக்கு அறுவராக நான்கு அணிகள். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. முன்பு வேறோரிடத்தில் நடந்த முகாமுக்காக அச்சிடப்பட்ட பட்டியல் அது. உறங்கும் பை, ரப்பர் பாய், மலையேறும் காலணி, மழைக்கோட்டு, நெற்றியில் கட்டும் விளக்கு, முதுகில் மாட்டும் பெரிய பை என்று அது நீண்டது. கடையில் விலை விசாரித்துக் கூட்டிப் பார்த்தோம். ஒருவருக்கு 4,000 ரூபாய்க்குக் குறையவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெயர்களை எண்ணிப் பார்த்தபோது 15 பேரே இருந்தனர். மற்ற ஒன்பது பேரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பட்டியலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரிந்தே இருந்தது.

மறுநாள் எங்கள் சாரணியர் ஆசிரியை அந்தப் பட்டியலை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: "இந்தப் பாசறைக்குப் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. வீட்டில் இருப்பதையே கொண்டுவர வேண்டும். பழையதாக இருந்தால் மிக நன்று."

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. "டீச்சர், கூடாரத்தையும் வீட்டிலிருந்துதான் கொண்டுவரணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "கூடாரத்தை மட்டும் வாடகைக்கு எடுப்போம். மழையும் காற்றும் விளையாட்டல்ல. மற்றதற்கெல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் ஏறுங்கள்" என்றார் ஆசிரியை.

பாரத சாரணர் சாரணியர் இயக்கத்துக்கு விதிகள் ஒன்பது. அவற்றுள் ஐந்தாவது, விலங்குகளுக்கு நண்பராகவும் இயற்கையை நேசிப்பவராகவும் இருக்கச் சொல்கிறது. எட்டாவது, சிக்கனமாக இருக்கச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அடுத்த ஐந்து வாரங்களில் எங்கள் கைகளே எங்களுக்குக் கற்பித்தன.

முதலில் படுக்கை. மலையில் படுப்பவர்களுக்கு மேலிருந்து வரும் குளிரைவிடக் கீழிருந்து ஏறும் குளிரே பெரும் எதிரி. மண், காற்றைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் நம் உடற்சூடு தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அசையாமல் அடைபட்ட காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கம்பளி கதகதப்பாக இருப்பதற்கும் அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்றே காரணம். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு மூன்று அடுக்குப் படுக்கை செய்தோம். அடியில், பூச்சுள்ள அரிசிப் பைகளைப் பிரித்து இணைத்த விரிப்பு. அது ஈரத்தைத் தடுக்கும். நடுவில், தாளுக்குத் தாள் காற்றை அடைத்துவைக்கும் பழைய செய்தித்தாள்கள். மேலே, பழைய பருத்திச் சேலைகளால் தைத்த மெத்தை விரிப்பு.

ஐந்தரை மீட்டர்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம் வரும். இரண்டு சேலைகளை அவ்வாறு மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு அடுக்கு. அதன்மேல் ஓட்டுத்தையல் போட வேண்டும். கேட்பதற்கு எளிது, கையில் ஊசியைப் பிடித்த பிறகல்லவா தெரிந்தது! எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி மூன்று சனிக்கிழமைகள் பள்ளிக்கு வந்து வேப்பமரத்தடியில் அமர்ந்து கற்றுக்கொடுத்தார். "தையலை நெருக்கமாப் போடு கண்ணு. இல்லேன்னா துவைக்கிறப்ப துணி உள்ளே சுருண்டுக்கும்" என்பார். அவர் வீட்டில் நான்கு பேரப்பிள்ளைகளும் அத்தகைய விரிப்பில்தான் உறங்குகிறார்களாம். முதுமையில் மென்மையாகிப்போன அந்தச் சேலைகளில் எங்கள் அம்மாக்களின் வாசனை இருந்தது என்றால் அது மிகையன்று.

அடுத்து அடுப்பு. தரையில் மூன்று கல் வைத்துத் தீ மூட்டினால் காற்றில் சுடர் அலைந்து விறகு வீணாகும், மண்ணும் கருகும். உணவு விடுதி ஒன்றிலிருந்து 15 கிலோ எண்ணெய் டின்கள் இரண்டை வாங்கிவந்தோம். தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு தோழியின் தந்தை, தகரம் வெட்டும் கத்தரியால் முன்பக்கம் விறகு வைக்க ஒரு வாயும், பின்பக்கம் புகை போகத் துளைகளும் வெட்டினார். கையை அறுக்காதிருக்க ஓரங்களை மடித்துத் தட்டிக் கொடுத்தார். டின்னின் மேல்வண்ணம் எரிந்து போவதற்காகப் பள்ளி மைதானத்தில் முதலில் வெறுந்தீ மூட்டினோம். அதன் பிறகே சமையல். பாசறையில் இந்த அடுப்புகளைக் கற்களின்மேல் உயர்த்தி வைத்ததால் அடியிலிருந்த புல் கருகவில்லை. எரிபொருளுக்குக் கொட்டாங்கச்சியும் தேங்காய் மட்டையும் வீடுதோறும் சேர்த்து இரண்டு சாக்கு நிறையக் கொண்டுசென்றோம். மலையில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கவில்லை. காய்ந்து கிடக்கும் சுள்ளியும் பூச்சிகளுக்கு வீடு; மட்கினால் மண்ணுக்கு உரம்.

எங்கள் சமையலறையின் பெருமைக்குரிய பொருள் ஓர் அட்டைப்பெட்டி. மளிகைக் கடையில் தூக்கி எறியவிருந்த பெரிய பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்து, நடுவில் பானை அமரும் அளவுக்குக் குழி செய்து, பழைய போர்வையால் சுற்றினோம். அரிசி கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் பானையை இறுக மூடி இந்தப் பெட்டிக்குள் இறக்கி, மேலேயும் துணியால் பொதிந்து முக்கால் மணி நேரம் விட்டுவிட்டால் போதும். அடுப்பில்லாமலே பச்சரிசிச் சோறு வெந்துவிடும். இங்கும் அடைபட்ட காற்றே வேலை செய்கிறது. முட்டையை அடைகாப்பதுபோல் சோற்றைக் காப்பதால் அப்பெட்டிக்குத் 'தாய்க்கோழி' என்று பெயர் சூட்டினோம். விதி ஒன்றே: இடையில் திறந்து பார்க்கக் கூடாது! சோறு வெந்ததும் சூடாகவே உண்டுவிட வேண்டும். வெதுவெதுப்பாக நெடுநேரம் வைத்தால் கிருமிகள் பெருகும்.

பாத்திரங்களுக்குக் கவலையே இல்லை. எவர்சில்வர் தட்டு, தம்ளர், தூக்கு, டிபன் கேரியர் இல்லாத தமிழர் வீடு ஏது? பருப்பும் அரிசியும் புளியும் கல்யாண வீடுகளில் கிடைத்த மஞ்சப்பைகளில் ஏறிக்கொண்டன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தப் பைகளைப் பற்றி எங்கும் பேச்சாக இருந்தது. எங்கள் வீடுகளிலோ அவை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. பாத்திரம் துலக்கச் சாம்பலும் தேங்காய் நாரும். கழுவிய நீரை நீர்நிலையிலிருந்து 200 அடிக்கு அப்பால் குழி தோண்டி ஊற்றினோம்.

குடிநீர் பற்றி நாங்கள் அறிந்துகொண்ட செய்தி ஒன்று வியப்பூட்டியது. வங்கதேசத்தின் கிராமங்களில் குளத்து நீரைக் குடிப்போரைக் காலரா வாட்டியது. அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பழைய பருத்திச் சேலையை மடித்து அதில் நீரை வடிகட்டுமாறு அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தனர். காலராக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிரினங்களோடு ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பலமுறை துவைத்த சேலையில் இழைகள் பிரிந்து துளைகள் நெருங்கிவிடுவதால், அது அவ்வுயிரினங்களைத் தடுத்துவிடும். புதுச்சேலையைவிடப் பழஞ்சேலையே இதற்கு மேல்! 65 கிராமங்களில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியாயிற்று. சேலையில் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. எனினும் வடிகட்டுவது மட்டும் போதாது. வடிகட்டிய நீரை, தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டே நாங்கள் குடித்தோம்.

பழையது எல்லாம் பயனுள்ளது என்று எண்ணிவிடலாகாது. பூச்சிமருந்து இருந்த டின்னையும் பெயிண்டு டப்பாவையும் எத்தனை முறை கழுவினாலும் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. செய்தித்தாளில் படுக்கலாம், பலகாரம் பொதியக் கூடாது. அச்சு மையில் உள்ள நச்சுப்பொருள்கள் உணவில் கலக்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்துள்ளது. பிளாஸ்டிக்கைத் தீயிலிட்டு 'அழித்துவிட்டோம்' என்று மகிழவும் கூடாது. அது நச்சுப் புகையாக மாறி நம் மூச்சிலேயே கலக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டவை என்பதையும் பயணத்துக்கு முன் எல்லோரும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டோம்.

இந்த ஐந்து வாரங்களில் எங்களுக்குள் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியலைக் கண்டு ஒதுங்கி நின்ற தோழியர்தாம் இப்போது எங்களுக்கு ஆசிரியைகள் ஆனார்கள். ஓட்டுத்தையல் தெரிந்தவள் அவர்களில் ஒருத்தி. காற்றடிக்கும் திசை பார்த்து அடுப்பு வைக்கத் தெரிந்தவள் ஒருத்தி. பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி மூட்டை கட்டத் தெரிந்தவள் இன்னொருத்தி. கடையில் எதையும் வாங்க வசதியுள்ளவர்கள், "இதை எப்படிச் செய்யறது, எனக்கும் சொல்லிக்கொடு" என்று அவர்கள் அருகில் போய் அமர்ந்தார்கள். டிசம்பர் 27 அன்று காலை பள்ளிப் பேருந்தில் ஏறியவர்களை எண்ணினோம். 24 பேரும் இருந்தனர். உடன் எங்கள் ஆசிரியையும் அருட்சகோதரி ஒருவரும்.

பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 14. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவை தாங்கி நிற்பதால், வளைவுக்கு ஒருவராகத் தமிழ்ப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே ஏறினோம். நிலாவூர் அருகே ஒரு தோட்டத்தில் உரிமையாளரின் இசைவுடன் கூடாரங்கள் எழுந்தன. இரவில் ஒளிக்கு ஓர் எளிய வழி கண்டோம். தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியின் அடியில் சிறிய டார்ச் லைட்டை வைத்தால், நீர் ஒளியைச் சிதறடித்துக் கூடாரம் முழுவதும் பரப்பும். அந்த நிலவொளி போன்ற வெளிச்சத்தில் அருட்சகோதரி கதை சொல்ல, எங்களில் பாதிப் பேர் முடிவு தெரியாமலே உறங்கிப்போனோம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் படுக்கையைப் புரட்டிப் பார்த்தோம். அரிசிப் பையின் அடிப்புறம் பனியில் நனைந்திருந்தது. அதன்மேல் இருந்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. குளிரில் உறக்கம் கெட்டதாக யாரும் சொல்லவில்லை. பெருமழை பெய்திருந்தால் தையல் இணைப்புகளில் நீர் இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் செல்பவர்கள் தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறினோம். ஏலகிரியின் உயர்ந்த சிகரம் அது. வழியெங்கும் பறவைகளின் குரல். அதே வழியெங்கும் தண்ணீர்ப் புட்டிகள், நொறுக்குத்தீனி உறைகள், தட்டுகள்! ஒரு திருப்பத்தில் பசு ஒன்று மினுமினுக்கும் உறை ஒன்றை அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் திகைத்து நின்றோம். மாட்டை ஓட்டிவந்த அம்மா ஓடிவந்து அதன் வாயிலிருந்து உறையைப் பிடுங்கினார்.

"தின்னுட்டு அங்கேயே போட்டுட்டுப் போயிடறாங்க பாப்பா. உப்பு வாசத்துக்கு மாடு உறையோட முழுங்கிடுது. போன வருசம் எங்க கன்னுக்குட்டி ஒண்ணு வயிறு ஊதிச் செத்துப்போச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களை அதிகம் சுட்டது.

பசுவுக்கு இரைப்பையில் நான்கு அறைகள். முதலறைக்குள் சென்ற பிளாஸ்டிக் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. ஒன்றோடொன்று சுருண்டு பந்தாகித் தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. இதைப் பிறகு அறிவியல் ஆசிரியை விளக்கினார். அன்று மலையில் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அரிசிப் பைகள் நான்கை விரித்தோம். கைக்குப் பழைய காலுறைகளை மாட்டிக்கொண்டு, இறங்கும் வழியெல்லாம் பொறுக்கினோம். நான்கு பைகளும் நிறைந்தன. அவற்றை ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைத்தோம். அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். எங்கள் தம்ளர்களிலேயே வாங்கிக் குடித்தோம்.

வந்துபோன சுவடே தெரியக் கூடாது என்பது சாரணியர் மரபு. மூன்றாம் நாள் கூடாரங்களைப் பிரித்ததும் 24 பேரும் கைகோத்து வரிசையாக நடந்து, தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். காய்கறித் தோல் தோட்டத்து எருக்குழிக்குச் சென்றது. ஆறிய சாம்பல் உரிமையாளரின் வாழைக்குச் சென்றது. மாதவிலக்கு நாள்களுக்கென மூடியுள்ள டின் ஒன்றைத் தனியே வைத்திருந்தோம். அதில் இருந்ததையும் மலையில் விடாமல் கீழே கொண்டுவந்து முறைப்படி அகற்றினோம். மற்றக் குப்பையைப் பள்ளியின் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 26 பேர் மூன்று நாள் உண்டு உறங்கியதில் சேர்ந்தது 900 கிராம்! அதில் பெரும்பகுதி பால் உறைகளும் பிஸ்கட் உறைகளும். அடுத்த பாசறையில் மலையிலேயே தூக்கில் பால் வாங்குவதென்றும், பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பொருள்விளங்காய் உருண்டையும் முறுக்கும் வீட்டில் செய்து சம்படங்களில் கொண்டுசெல்வதென்றும் முடிவு செய்துள்ளோம். செலவு? பேருந்து, கூடார வாடகை, உணவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 700 ரூபாய்.

பழையதைப் பயன்படுத்துவது இல்லாமையின் அடையாளம் என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று எழுதப்பட்ட புதுப்பொருள்களைப் பை நிறைய வாங்கிக்கொண்டு மலையேறுவோரும் உள்ளனர். எந்தப் பொருளையும் புதிதாகச் செய்ய மண்ணிலிருந்து மூலப்பொருள் வேண்டும், நெருப்பு வேண்டும், நீர் வேண்டும், அதை ஏற்றிவர வண்டி வேண்டும். வீட்டில் இருப்பதை இன்னொரு முறை பயன்படுத்தினால் இவை அனைத்தும் மிச்சம். அதற்கும் மேலாக, ஒரு தோழியும் பின்தங்காமல் எல்லோரும் சேர்ந்து செல்லலாம்.

அன்புத் தங்கைகளே! நாங்கள் தைத்த 24 மெத்தை விரிப்புகளும் துவைத்துக் காயவைக்கப்பட்டுச் சாரணியர் அறையின் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு டின் அடுப்புகளும் தாய்க்கோழியும் அங்கேயே உங்களுக்காகக் காத்திருக்கின்றன. தையல் பிரிந்திருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்; எப்படி என்று கேட்டால் ஓடிவந்து சொல்லித்தருவோம். பெற்றோர்களே! பழைய பருத்திச் சேலைகளையும் அரிசிப் பைகளையும் கழிப்பதற்கு முன் எங்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்துள்ள சாரணியர் 18 பேர். அவர்களுக்கு இன்னும் 36 சேலைகள் வேண்டும்.